பதின்மூன்று விநாடி

எருமப்பட்டி
7-5-2025, புதன்

சித்தார்த் அவர்களுக்கு,

கயல்விழி எழுதுகிறேன். பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பரீட்சையில் ‘நூல்கள் கேட்டு நூலகருக்குக் கடிதம் எழுதுக’ என்று வந்ததற்குப் பிறகு நான் எழுதும் முதல் கடிதம் இது. அன்றைக்குப் பத்துக்கு ஏழு மார்க் கிடைத்தது. இன்றைக்கு எவ்வளவு என்று நீங்கள்தான் போட வேண்டும்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். ஞாயிற்றுக்கிழமை நம் நிச்சயம் பாதியில் நின்ற பிறகு அப்பா என்னைக் கூப்பிட்டு, “பெரியவங்க உக்காந்து ஒரு முடிவுக்கு வர்ற வரைக்கும் அந்தப் பையன்கூட போன்ல பேசறது வேண்டாங் கண்ணு” என்றார். சரியென்று வாக்குக் கொடுத்துவிட்டேன். மெசேஜ், மெயில் எல்லாமே அப்பாவுக்குப் போன்தான். கடிதம் எழுதக்கூடாது என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இந்தக் கவரில் ஸ்டாம்ப் ஒட்டியதே அவர்தான்.

உங்களுக்கு அங்கிருந்து என்ன தெரிந்தது, என்ன தெரியவில்லை என்று எனக்குப் புரியவில்லை. அதனால் இங்கே நடந்ததைச் சொல்கிறேன். போர்வெல் போடும் சீசன், ரிக் லாரியை விட்டு சத்தீஸ்கரிலிருந்து வர முடியாது, வீடியோவில் வருவீர்கள் என்று உங்கள் அம்மா சொன்னபோது எங்கள் வீட்டில் யாரும் முகம் சுளிக்கவில்லை. அறுபது பேர் பார்க்க வேண்டுமே என்று, என் லேப்டாப்பில் உங்கள் அழைப்பை வாங்கி, அதை வயரில்லாமல் கூடத்து டிவிக்கு அனுப்பினோம். எல்லாம் செய்தது சித்தப்பா மகள் தனப்பிரியா. காலேஜில் கம்ப்யூட்டர் லேபைக் கட்டி மேய்ப்பவள் நான். ஆனால் நிச்சயத்தன்று பெண் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு திரியக்கூடாதாம்.

நான் உள்ளே ஜடை பின்னிக்கொண்டிருந்தபோது பெருமாயி பெரியம்மா ஒரு காரியம் செய்துவிட்டார். “மாப்பள பிளாஸ்டிக் சேர்லயா உக்காருவாரு” என்று மணைப்பலகையைப் போட்டு, அதன்மேல் நிச்சயப் பட்டுச்சேலையை நாலாக மடித்து வைத்து, அதன்மேல் லேப்டாப்பை வைத்துவிட்டார். அதற்குச் சந்தனம், குங்குமம், கழுத்து இல்லாவிட்டாலும் ஒரு ரோஜா மாலை. அன்றைக்குத்தான் அக்னி நட்சத்திரம் வேறு ஆரம்பம். முக்கால் மணி நேரம் நீங்கள் அந்தப் பட்டின்மேல் உட்கார்ந்திருந்தீர்கள்.

நிச்சயம் உறுதியாக உப்பு சக்கரை மாற்றுவதற்கு முன்னால் என் தாய்மாமன் செங்கோடன், “மாப்ளெ, நாங்க பேசறது கேக்குதுங்களா” என்று உங்களைக் கேட்டார். பதில் இல்லை. உங்கள் முகம் டிவியில் அப்படியே இருந்தது. மாமாவுக்கு வாய் சும்மா இருக்காது. “ஏனுங்க மாப்ளெ, மொகத்தப் பாத்தா கட்டாயத்துக்கு ஒத்துக்கிட்டாப்புல இருக்குது. அப்பிடித்தானுங்களா” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் டிவியிலிருந்து உங்கள் குரல் வந்தது. “ஆமாங்க.”

அதற்குப் பிறகு டிவி அணைந்துவிட்டது. லேப்டாப் சூட்டில் தானே நின்றுபோயிருக்கிறது. திரும்ப உயிர் வருவதற்குள் அப்பா துண்டை உதறிக்கொண்டு எழுந்துவிட்டார், உங்கள் அப்பா “மிசினு பண்ணுன கோளாறுக்கு என்ற பையன என்ன பண்ணச் சொல்றீங்க” என்று கத்த ஆரம்பித்துவிட்டார்.

ஜூன் 8 ஞாயிறு திரும்பவும் உட்காருகிறார்கள். அப்பா ஒரே வார்த்தைதான் சொல்லியிருக்கிறார். “கயலு லேபுல இருக்கற புள்ள. மிசினு தப்பா, மனுசன் தப்பான்னு அவ சொல்லட்டும். அவ சொல்றதுதான் முடிவு.” உங்கள் வீட்டிலும் ஒத்துக்கொண்டுவிட்டார்கள். ஆக, ஆவணியில் கல்யாணம் நடப்பதும் நடக்காததும் என் வாயில் இருக்கிறது.

எனக்கு ஒன்று தெரிந்தால் போதும். அந்த ‘ஆமாங்க’ எந்தக் கேள்விக்கு?

கயல்விழி

---

காங்கேர், சத்தீஸ்கர்
13-5-2025

கயல்விழி அவர்களுக்கு,

பத்துக்குப் பத்து. லாட்ஜ் மேனேஜர் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் உங்கள் கவரைக் கொடுத்தார். எங்கள் ரிக் பசங்கள் கோர்ட் நோட்டீஸ் என்று நினைத்துச் சுற்றி நின்றுவிட்டார்கள். பொண்ணு எழுதின லெட்டர் என்றதும் ஒருவனும் நம்பவில்லை.

முதலில் உங்கள் வீட்டில் எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் ‘ஆமாங்க’ என்றது மாமாவின் முதல் கேள்விக்கு. கேக்குதுங்களா என்றார், ஆமாங்க என்றேன். அவ்வளவுதான். இரண்டாவது கேள்வி என் காதிலேயே விழவில்லை, அதற்குள் லைன் போய்விட்டது. நான் சொன்னது உங்கள் டிவியில் தாமதமாக வந்து வேறொரு கேள்விக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டது.

இது எனக்குப் பழகிப்போன விஷயம். இங்கே ஆபீஸ் அறையில் பசங்களுக்காக என் லேப்டாப்பிலிருந்து டிவிக்குக் கிரிக்கெட் மேட்ச் போடுவேன். அரை மணி நேரத்தில் அடிப்பக்கம் தோசைக்கல் ஆகிவிடும். வயரில்லாமல் டிவியில் காட்டுவது என்றால் சும்மா இல்லை. திரையில் தெரியும் ஒவ்வொரு படத்தையும் லேப்டாப் பிடித்து, சுருக்கி, வைஃபையில் அனுப்ப வேண்டும். ஒரு விநாடிக்கு முப்பது படம். உங்கள் வீட்டில் அதற்கு மூன்று வேலை. நான் அனுப்பும் படத்தை வாங்கி விரிப்பது, உங்கள் கேமராவில் தெரிவதைச் சுருக்கி எனக்கு அனுப்புவது, அதற்குமேல் டிவிக்கு ஒரு முறை சுருக்குவது. பிராசஸர் நூறு சதவீதத்தில் நின்றிருக்கும். சூடு ஏறினால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அது தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். வேலை குறையாது, வேகம் மட்டும் குறையும். படமும் சத்தமும் பின்தங்கிக்கொண்டே போகும். காற்றுப் போகிற வழி அடியில் இருக்கிறது, அதைப் பட்டுச்சேலை அடைத்துவிட்டது. பெரியம்மா செய்த மரியாதை என்னைக் கவிழ்த்துவிட்டது.

டிவிக்கு ஒரு கேபிள் போட்டிருந்தால் பாதிச் சுமை இறங்கியிருக்கும். இதெல்லாம் உங்களுக்குத் தெரியாதது இல்லை. என் பக்கத்தில் நெட் பிரச்சினை எதுவும் இல்லை, ஃபைபர் லைன், மேட்ச் ஒருநாள்கூட நின்றதில்லை. அதனால் தாமதம் முழுக்க அந்தச் சூட்டில்தான் வந்திருக்க வேண்டும். 8ஆம் தேதி இதை அப்படியே சொல்லிவிடுங்கள், போதும்.

இன்னொன்று. பெண் பார்க்க வந்தபோது திருச்செங்கோட்டு மலைக்கோயிலில் பத்து நிமிஷம் பேசச் சொன்னார்கள். அதில் எட்டு நிமிஷம் உங்கள் ஒற்றைச் செருப்பைத் தேடினோம். செருப்பு கிடைத்ததா என்று கேட்க மறந்துபோனேன்.

சித்தார்த்

---

எருமப்பட்டி
19-5-2025, திங்கள்

சித்தார்த் அவர்களுக்கு,

செருப்பு கிடைக்கவில்லை. பேருந்தில் ஒற்றைச் செருப்போடு ஏற முடியாது என்று பெரியம்மாவின் செருப்பைப் போட்டுக்கொண்டு வந்தேன். அவர் வெறுங்காலில் வந்து இன்றைக்கும் சொல்லிக்காட்டுகிறார்.

உங்கள் கடிதத்தைப் படித்தபின் இரண்டு வாரத்தில் முதல்முறையாகப் பசித்துச் சாப்பிட்டேன். அம்மா தட்டைப் பார்த்துவிட்டு இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினார். போஸ்ட்மேன் கடிதத்தை அப்பா கையில்தான் கொடுத்தார். பிரிக்காமல் என் மேசையில் வைத்துவிட்டு, “சாப்புட்டுட்டுப் படி” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். நானா கேட்பேன்.

ஆனால் சபையில் போய், மாப்பிள்ளை எழுதியிருக்கிறார், அதனால் மிசின் தப்பு என்று நான் சொல்ல முடியாது. அப்பா என்னை நம்பிச் சொன்ன வார்த்தை அது. நானே பார்த்துச் சொன்னால்தான் எனக்கும் மரியாதை, உங்களுக்கும் மரியாதை. காலேஜ் லீவு, லேபுக்குப் போக வேண்டியதில்லை. அதனால் நம் கூடத்தையே லேப் ஆக்கிவிட்டேன்.

போட்டோக்காரரிடமிருந்து நிச்சய வீடியோவை வாங்கிவந்தேன். மாமா ‘கேக்குதுங்களா’ என்று கேட்டு முடித்ததிலிருந்து உங்கள் ‘ஆமாங்க’ வரை சரியாகப் பதின்மூன்று விநாடி. ‘அப்பிடித்தானுங்களா’ என்று முடித்ததிலிருந்து ஐந்து விநாடி. நீங்கள் சொல்வது சரியென்றால் தாமதம் பதின்மூன்று ஆக இருக்க வேண்டும்.

தனப்பிரியா போனோடு மாடிக்குப் போய்விடுவாள். அதே லேப்டாப், அதே டிவி. நான் கீழே கேள்வி கேட்பேன், அவள் உடனே பதில் சொல்லுவாள், அந்தப் பதில் டிவியில் வரும் வரைக்கும் விநாடி எண்ணுவேன். சூடு ஏறாத லேப்டாப்பைச் சிமெண்டுத் தரையில் வைத்தால் ஒன்றரை விநாடிதான் வருகிறது. பட்டின்மேல் வைத்து நாற்பது நிமிஷம் ஓடவிட்டேன். பிராசஸர் நூறிலேயே நின்றது, சூடு தொண்ணூற்று நாலு டிகிரி, விசிறி அரிசி மில் போடுகிற சத்தம் போட்டது. தாமதம் மூன்று விநாடி.

மூன்றிலிருந்து பதின்மூன்றுக்கு இன்னும் தூரம் இருக்கிறது. மாலையை நான் போடவில்லை, அன்றைக்கு இருந்த கூட்டமும் இல்லை. இன்னும் என்னென்ன சூட்டை ஏற்றியிருக்கும் என்று உங்களுக்குத் தோன்றுவதை எழுதுங்கள். வரவைத்துவிடலாம்.

கயல்விழி

---

காங்கேர்
24-5-2025

கயல்விழி அவர்களுக்கு,

இவ்வளவு சிரமம் எடுத்துக்கொள்கிறீர்கள் என்று நினைக்கவில்லை. வெயிலில் அந்தக் கூடத்தில் உட்கார்ந்து விநாடி எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம். பார்த்தால் தெரிகிற விஷயத்துக்கு எதற்கு இத்தனை சோதனை. லேப்டாப் சூடாகி நின்றதை அறுபது பேர் பார்த்தார்கள். மிசின் தப்பு என்பதற்கு அதைவிட என்ன சாட்சி வேண்டும்.

மாலை முக்கியம் என்று நினைக்கிறேன். ரோஜா மாலை ஈரமாக இருக்கும், பக்கவாட்டு ஓட்டையை அடைத்திருக்கும். அன்றைக்குக் கூடத்தில் அறுபது பேர் மூச்சு, அடுப்படிப் புகை, எல்லாம் சேர்ந்திருக்கும். எல்லார் கையிலும் போன், எல்லாம் உங்கள் வைஃபையிலேயே தொங்கிக்கொண்டிருந்திருக்கும். அதுவும் ஒரு காரணம்.

யோசித்துப் பார்த்தால் என் பக்கத்து நெட்டும் அன்றைக்குக் கொஞ்சம் மந்தமாகத்தான் இருந்தது. காலையில் மழை. அதை நான் போன கடிதத்தில் எழுதவில்லை. இரண்டும் சேர்ந்தால் பதின்மூன்று தாராளமாக வரும்.

அப்பா தினமும் போன் செய்கிறார். எட்டாம் தேதியைத் தவிர வேறு பேச்சில்லை. “சபையில என்ற தலைய குனிய வெச்சறாதீங்கடா” என்கிறார். நான் இங்கே ஒரு நாளைக்கு இரண்டு போர் போட்டுவிட்டு லாட்ஜுக்கு வந்தால் கண்ணை மூட முடியவில்லை. நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் இரண்டு வீடும் நிம்மதியாகிவிடும். ஒரு வார்த்தைதானே.

நேற்று எங்கள் பசங்களில் ஒருவன், அண்ணி லெட்டர் வந்துச்சா என்று கேட்டான். வரவில்லை என்றேன். பிறகு மத்தியானம் இரண்டு தடவை மேனேஜர் மேசைப் பக்கம் சும்மா போய்வந்தேன். இதை எதற்கு எழுதுகிறேன் என்று எனக்குத் தெரியவில்லை, எழுதிவிட்டேன், அடிக்காமல் விடுகிறேன்.

சித்தார்த்

---

எருமப்பட்டி
30-5-2025, வெள்ளி

சித்தார்த்,

லேப்டாப் செத்துவிட்டது. அதைச் சொல்லிவிட்டு ஆரம்பிக்கிறேன்.

உங்கள் கடிதம் நேற்றுக் காலையில் வந்தது. நீங்கள் சொன்னபடியே செய்தேன். பூக்கடையில் ரோஜா மாலை வாங்கிவரச் சொல்லி, நனைத்து, லேப்டாப்பைச் சுற்றிப் போட்டேன். ஜன்னலைச் சாத்தினேன், மின்விசிறியை நிறுத்தினேன். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளைக் கூப்பிட்டு எட்டுப் போனை வைஃபையில் போட்டு ஆளுக்கொரு வீடியோ பார்க்கச் சொன்னேன். பெரியம்மா வாசலில் நின்று, “அந்தப் பொட்டிக்கு மறுபடியும் நிச்சயமா” என்றார். நாலு விநாடி வந்தது.

மாலைக்குமேல் ஜமக்காளத்தைப் போர்த்தினேன். ஐந்து. இன்னும் அரை மணி நேரம் விட்டேன். மேலே கை வைக்க முடியவில்லை. ஒரே ஒரு தடவை ஆறு வந்தது. ஆறு வந்ததும் டிவிக்கும் லேப்டாப்புக்கும் இருந்த தொடர்பே அறுந்துபோயிற்று. ஏழாவது விநாடி என்று ஒன்று அதற்குக் கிடையாது. அதற்குமேல் தாமதமானால் அது பேசாது, நின்றுவிடும். திரும்பத் திரும்ப மூன்று முறை செய்தேன், மூன்று முறையும் அப்படித்தான்.

நாலாவது முறை நான் செய்ததைச் சோதனை என்று சொல்ல முடியாது. அடுப்படியிலிருந்து சூடான இட்லிக் குண்டானைத் தூக்கிவந்து அதன் பக்கத்தில் வைத்தேன். தனப்பிரியா மாடியிலிருந்து இறங்கிவந்து, “அக்கா, போதும் விடுக்கா, பயமா இருக்குது” என்றாள். போடி மேலே என்று கத்தினேன். பதின்மூன்று வந்துவிட வேண்டும் என்று எனக்கு அப்படி ஒரு வெறி. கல்யாணப் பெண்ணாக நான் வேண்டிக்கொண்டது சாமியை அல்ல, ஒரு பிராசஸரை. பிளாஸ்டிக் கருகின நாற்றம் வந்தது, திரை இருண்டது, இன்னும் திறக்கவில்லை. பட்டில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பழுப்புக் கறை.

ராத்திரி உங்கள் இரண்டு கடிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தேன். பதின்மூன்றாம் தேதி, என் பக்கம் நெட் பிரச்சினை எதுவும் இல்லை, ஃபைபர் லைன். இருபத்துநாலாம் தேதி, காலையில் மழை, நெட் மந்தம். மூன்று விநாடிதான் வருகிறது என்று நான் எழுதிய பிறகு பெய்த மழை அது.

அளந்தது இவ்வளவுதான். சூடான லேப்டாப்பில் அதிகபட்சத் தாமதம் ஐந்து, ஆறு. அன்றைக்கு மாமாவின் இரண்டாவது கேள்விக்கும் உங்கள் பதிலுக்கும் நடுவில் ஐந்து. முதல் கேள்விக்கு நீங்கள் பதிலே சொல்லவில்லை. இரண்டாவதைக் கேட்டு, அதற்குத்தான் சொன்னீர்கள்.

நான் ஒரு மடச்சி மாதிரி உங்களுக்காகச் சாட்சி தேடி ஒரு மிசினைக் கொன்றிருக்கிறேன். நீங்கள் அங்கே உட்கார்ந்துகொண்டு, மாலையைப் போடுங்கள், அது அடைக்கும் என்று எனக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தீர்கள். கட்டாயத்துக்கு ஒத்துக்கொண்டதுகூட எனக்கு அவ்வளவு கோபம் இல்லை. ஊரில் பாதிப் பேர் அப்படித்தான். இதுதான் தாங்கவில்லை.

எட்டாம் தேதி சபையில் நான் அளந்ததைச் சொல்லப்போகிறேன். அதற்கு முன்னால் நீங்கள் சொல்ல ஏதாவது இருந்தால் எழுதுங்கள். ஏழாம் தேதி சாயங்காலம் வரைக்கும் பார்ப்பேன்.

கயல்விழி

---

காங்கேர்
3-6-2025

கயல்விழி,

உங்கள் கடிதம் இப்போதுதான் கிடைத்தது. நாலு மணிக்குள் ஸ்பீட் போஸ்டில் போட்டால் சனிக்கிழமை கிடைத்துவிடும் என்று இங்கே சொல்கிறார்கள். வண்டியை நிறுத்தச் சொல்லிவிட்டு லாரி பானெட்டின் மேல் வைத்து எழுதுகிறேன். கையெழுத்து கோணலாக இருக்கும்.

நீங்கள் அளந்தது சரி. இரண்டாவது கேள்விக்குத்தான் சொன்னேன்.

முதல் கேள்வி எனக்குக் கேட்டது. பதில் சொல்ல வாய் வரவில்லை. திரையில் எங்கள் அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார். இப்போது வேண்டாம் என்று அவரிடம் மூன்று முறை சொல்லியிருந்தேன். மூன்றாவது முறை அம்மா இரண்டு நாள் சாப்பிடவில்லை. நாலாவது முறை நான் சொல்லவில்லை. சீசனில் வர முடியாது என்றதும் பொய், மூன்று நாள் லீவு போட்டால் வந்திருக்கலாம். வரக்கூடாது என்றுதான் வரவில்லை. அப்போதுதான் உங்கள் மாமா கேலியாகக் கேட்டார். எனக்கு என்ன பிடிக்கும் என்று இருபத்தொன்பது வயசுக்குள் யாரும் என்னைக் கேட்டதில்லை. காலேஜ், ரிக் லாரி, பெண், எல்லாம் எனக்குச் சொல்லப்பட்டது. கேட்ட ஒரே மனுஷன் அவர், அதுவும் விளையாட்டுக்கு. வாய் தானாகச் சொல்லிவிட்டது.

ஐந்து நிமிஷத்தில் அம்மா போன். “லேப்டாப்பு கோளாறுன்னு சொல்லிப்போடு சாமி, உங்கப்பன் நெஞ்சப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருக்காரு.” அம்மாவுக்கு லேப்டாப் என்றால் என்னவென்றே தெரியாது. அந்தப் பழியை நான் வாங்கி, சுருக்கி, விரித்து, பிராசஸர் கணக்கெல்லாம் போட்டு உங்களுக்கு அனுப்பினேன். நீங்கள் விநாடி எண்ண ஆரம்பித்ததும் மாட்டிக்கொள்வேன் என்று தெரிந்துவிட்டது. அப்போதாவது நிறுத்தியிருக்கலாம். மழை என்று எழுதினேன். அதற்கு மன்னிப்பு என்று ஒரு வார்த்தை போதாது, வேறு வார்த்தையும் எனக்குத் தெரியவில்லை.

இனி எழுதப்போவதை நீங்கள் நம்ப வேண்டும் என்று கேட்க எனக்கு யோக்கியதை இல்லை. இருந்தாலும் எழுதாமல் விட்டால் இன்னொரு பொய் ஆகிவிடும். அன்றைக்கு எனக்கு உங்களைத் தெரியாது. ஒற்றைச் செருப்பு தேடின ஒரு பெண், அவ்வளவுதான். இந்த ஒரு மாசத்தில் உங்களைத் தெரிந்துவிட்டது. இட்லிக் குண்டானைத் தூக்கிவந்தீர்களே, அந்த வரியைப் படித்துவிட்டு லாரிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன், பசங்கள் பார்க்கக்கூடாது என்று. இப்போது என்னை யாரும் பிடித்துத் தள்ளவில்லை. எனக்கே வேண்டும். உங்களைக் கல்யாணம் செய்துகொள்ள எனக்கு ஆசையாக இருக்கிறது.

சபையில் உண்மையைச் சொல்ல வேண்டும் என்று நினைத்தால் சொல்லுங்கள், அப்பாவை நான் பார்த்துக்கொள்கிறேன். மிசின் மேல் போட வேண்டும் என்று நினைத்தால் அதையும் செய்யுங்கள். நீங்கள் எது சொன்னாலும் எனக்குச் சம்மதம்.

சித்தார்த்

---

எருமப்பட்டி
9-6-2025, திங்கள்

சித்தார்த்,

உங்கள் கடிதம் இன்றைக்குக் காலை பதினொன்றரை மணிக்கு வந்தது. சனிக்கிழமை பக்ரீத். போஸ்ட் ஆபீஸ் லீவு. நான் அது ஞாபகம் இல்லாமல் காலையிலும் மத்தியானமும் இரண்டு தடவை போய், பூட்டின கதவைப் பார்த்துவிட்டு வந்தேன். அடுத்த நாள் ஞாயிறு.

நேற்றுச் சபை கூடிற்று. உங்கள் பக்கம் பதினொரு பேர், எங்கள் பக்கம் இருபது. அப்பா என்னைக் கூப்பிட்டு நடுவில் நிற்கச் சொன்னார். நான் ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்ததைப் படித்தேன். தரையில் ஒன்றரை, பட்டில் மூன்று, மாலை போட்டு நாலு, ஜமக்காளம் போர்த்தி ஐந்து, ஒரே ஒரு தடவை ஆறு. அதற்குமேல் மிசினால் பேச முடியாது. மாப்பிள்ளை மாமாவின் இரண்டாவது கேள்விக்குத்தான் பதில் சொன்னார். மிசின் மேல் தப்பில்லை என்றேன். குரல் நடுங்காமல் சொல்ல வேண்டும் என்று சாமான் அறையில் நாலு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டுதான் வந்திருந்தேன், அதனால் நடுங்கவில்லை.

உங்கள் அப்பா கத்தவில்லை. “சரிங்க, அப்பறம் பேசறதுக்கு என்ன இருக்குது” என்று சொல்லி எழுந்தார். தட்டுகளைத் திருப்பிக் கொடுத்தோம், பட்டும் போயிற்று, கறையோடு. உங்கள் அம்மா போகிறபோது என் கையைப் பிடித்துக்கொண்டு, “மிசினுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே சாமி” என்று அழுதார். செங்கோடன் மாமா வாசலில் உட்கார்ந்துகொண்டு, “என்ற வாயில தீய வெக்க” என்று தன்னையே திட்டிக்கொண்டிருந்தார். நான் சொன்னது சரிதான் என்று அப்பாவுக்குத் தெரியும். ராத்திரி என் தலையில் கை வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார்.

இன்றைக்குக் காலையில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தேன். அப்பா கவரைக் கொண்டுவந்து மேசையில் வைக்காமல் என் கையிலேயே கொடுத்தார். ஈரக் கையோடு பிரித்தேன். பானெட்டின் மேல் வைத்து எழுதின கோணல் எழுத்து. மூன்று முறை படித்தேன். பிறகு கொல்லையில் போய்த் துணி துவைக்கிற கல்லின்மேல் உட்கார்ந்தேன். அம்மா வந்து கூப்பிட்ட பிறகுதான் அங்கே உட்கார்ந்திருக்கிறேன் என்று தெரிந்தது.

உங்கள்மேல் எனக்கு எரிகிற கோபம். ஸ்பீட் போஸ்டை நம்பினீர்களே, எங்கள் அப்பாவுக்கு ஒரு போன் போட்டிருக்கக்கூடாதா. என்னோடு பேசக்கூடாது என்றுதான் சொன்னார், அவரோடு பேசக்கூடாது என்று சொல்லவில்லை. ‘நான் உங்க மககிட்ட பொய் சொல்லிட்டனுங்க’ என்று அவரிடம் நீங்கள் சொல்லியிருந்தால் அவர் சபையையே தள்ளி வைத்திருப்பார். அந்த ஒரு போனுக்கு உங்களுக்குத் தைரியம் வரவில்லை. லாரிக்குப் பின்னால் போய் நிற்பதற்கு வந்திருக்கிறது.

நம்புகிறேனா என்றால், தெரியவில்லை. மூன்று, நாலு, ஐந்து என்று அளந்து சொல்ல என்னிடம் இப்போது ஒன்றும் இல்லை. எங்கள் வீட்டில் யாரும் இனி இந்தப் பேச்சை எடுக்க மாட்டார்கள். உங்கள் வீட்டில் எடுத்தால் உங்கள் அப்பா என்ன செய்வார் என்று உங்களுக்கே தெரியும். இந்தக் கடிதத்துக்குப் பதில் வேண்டாம்.

ஆனால் நீங்கள் உங்களுடையதைச் சொல்லிவிட்டீர்கள், நானும் என்னுடையதைச் சொல்லிவிடுகிறேன், மனசில் வைத்துக்கொண்டு திரிய முடியாது. எனக்கு உங்களை மலைக்கோயிலிலேயே பிடித்துவிட்டது. கல்யாணம் பேச வந்தவர்கள் எல்லாம் மேலே நின்று பார்த்துக்கொண்டிருக்க, நீங்கள் வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு படிக்குப் படி குனிந்து முன்பின் தெரியாத ஒருத்தியின் செருப்பைத் தேடினீர்கள். அப்போதே முடிவு செய்துவிட்டேன். அதற்காகத்தான் அந்த மிசினை அந்தப் பாடு படுத்தினேன்.

சனிக்கிழமை உங்கள் கடிதம் வந்திருந்தால், மிசின் தப்புதான் என்று சபையில் சொல்லியிருப்பேன்.

கயல்விழி